பதினேழாம் நாள் உப்பு

விடிந்தும் விடியாத நேரம். உரண் கடற்கரையில் முந்நூறு பேர் ரப்பர் தொப்பியை மாட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நிற்க, பேச்சிராஜா மட்டும் உதடுகளை இறுக்கி மூடுவதும் திறப்பதுமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். செம்பூரில் ஒரு நீச்சல் குளத்தில் அவனுக்குப் பதினோரு வருஷமாக லைஃப்கார்டு வேலை. நீந்தும்போது மூச்சுக்கு மூச்சு எவ்வளவு தண்ணீர் வாய்க்குள் நுழையும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளமென்றால் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போய்விடலாம். இது கடல். அவனோ பன்னிரண்டு நாளாக நாக்கில் உப்புப் படாமல் இருப்பவன்.

இருபத்தியோரு நாள் உப்பில்லாமல் சாப்பிடுவதாக தாராவி முப்பிடாதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டவள் அவன் மனைவி விஜயராணி. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போயிற்று, இரண்டாவது ஏழாம் மாதத்தில். இது எட்டாம் மாதம். வேண்டுதலின் ஐந்தாம் நாள், வயிற்றில் பனிக்குடத் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். கொடுப்பதை ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் பிள்ளைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டே உப்புப் போட்ட கிச்சடியை விழுங்கப்போனவளைத் தடுத்துவிட்டு, பேச்சிராஜா கோயிலுக்கு ஓடினான்.

பூசாரி பூதத்தானுக்குப் பகலில் தோல்பை தைக்கிற வேலை, சாயங்காலம் பூசை. மெஷினை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னார். "வேண்டுதல் கை மாறலாம்டே, முறியத்தான் கூடாது. அவ விட்ட எடத்துல இருந்து நீ புடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டான். கடலைப் பற்றியும் மறக்காமல் கேட்டான். அதற்குத்தான் பூதத்தான் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "கடத்தண்ணி என்ன சோறா, கொழம்பா? அது தீர்த்தம்லா. வாயில போனா துப்பிரு."

வேண்டுதலின் பதினேழாம் நாளில் வந்து விழுந்த இந்தப் போட்டிக்குப் போகவேண்டாம் என்று அவன் நினைக்காமல் இல்லை. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இருபத்தியோரு கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் எட்டரை மணி நேரத்துக்குள். போன வருஷம் நாலே நாலு நிமிஷத்தில் விட்டான். குளத்துக்கு வருகிற பெரிய ஆபீஸ்காரர்கள் மெடலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, "பேச்சி பையா, அடுத்த வருஷம் கண்டிப்பா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டல் ஒரு வருஷமாக முதுகில் எரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு விஜயராணியே சொன்னாள். "போயிட்டுத்தான் வாங்களேன். இங்கன இருந்து என்னத்தப் பண்ணப்போறிய? வராண்டாவுல நின்னு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பிய."

கடலில் அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நூறு தடவையாவது துப்பியிருப்பான். முன்னால் வந்த நாற்பது பேரில் ஒருவனாகக் கரையேறி, நல்ல தண்ணீரில் வாயைக் கழுவிவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் லாரிகளை மறித்து வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மற்றவர்களின் பாட்டில்களில் ஆரஞ்சு நிறத்தில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். இவனிடம் வெறும் தண்ணீர், பேரீச்சம்பழம், உப்புப் போடாமல் அவித்த சர்க்கரைவள்ளி. சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. உடம்பிலிருந்து போகிறதே, போவதற்குக் குற்றமில்லையே என்று நினைத்துக்கொண்டான். மயக்கம் வராமலிருக்கத் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று குளத்தங்கரையில் பிள்ளைகளை விரட்டுகிறவன், இப்போது தன்னைத்தானே விரட்டிக்கொண்டு கண்ட இடத்திலெல்லாம் வாங்கி வாங்கிக் குடித்தான்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஐம்பதாவது கிலோமீட்டர் வாக்கில், ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது, அவனாகவே இன்னொரு வேண்டுதலையும் முடிந்துகொண்டான். இன்றைக்கு ஓடி முடித்தால் பிள்ளை தங்கும். இதை அம்மன் கேட்கவில்லை, பூசாரி சொல்லவில்லை, விஜயராணிக்குத் தெரியாது. ஆனால் நினைத்தது நினைத்ததுதான். நினைத்துவிட்டு மறந்துவிடுகிற சாதி இல்லை அவன். இனி உப்பும் தொட முடியாது, நிற்கவும் முடியாது.

சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கும் இடத்தில், கயிற்றுக்கு அந்தப் பக்கம் கணேசபாண்டியன் நின்றான். விஜயராணியின் அண்ணன், செம்பூரில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைச் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தான். பேச்சிராஜா தன் போனையும் அவனிடம்தான் கொடுத்து வைத்திருந்தான்.

"ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சா மச்சான்?"

"ஒண்ணும் இல்ல. அஞ்சு மணிக்குத்தான பேசுவா. மாப்ள, கைய காட்டுங்க. என்ன இது, வெரலெல்லாம் பூரி கணக்கா உப்பிப்போய்க் கெடக்கு?"

பேச்சிராஜா குனிந்து பார்த்தான். கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. வாட்ச் பட்டையை இரண்டு துளை தள்ளிப் போட்டான்.

"ரெண்டு மடக்கு அந்த உப்புத்தண்ணிய வாங்கிக் குடிங்க. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஒங்க தங்கச்சிக்காகத்தான் மச்சான்."

"அவளுக்காகத்தான் நானும் சொல்லுதேன்," என்றான் கணேசபாண்டியன். அதற்குமேல் அவனுக்கும் வற்புறுத்தத் துணிவில்லை. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் உப்பைக் கொடுத்தவன் என்ற பேர் அவன் தலையில்தான் விழும்.

கடற்கரை ரோட்டில் மூன்று சுற்று. முதல் சுற்றில் தலைவலி தொடங்கியது. இரண்டாவது சுற்றில், ஓடுவது முதல் சுற்றா இரண்டாவதா என்ற குழப்பம் வந்தது. ஒரு தென்னை மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தான். வெறும் தண்ணீராக வந்தது. தண்ணீர் போய்விட்டதே என்று அடுத்த மேஜையில் இன்னும் இரண்டு டம்ளர் கேட்டான். அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த காலேஜ் பெண் இந்தியில் ஏதோ சொல்ல, அவன் "அம்மா, தாயே" என்று முனகினான். அவள் சட்டென்று தமிழுக்கு மாறினாள். சட்டையில் சஃப்ரீன் என்று பேர் குத்தியிருந்தது.

"அண்ணா, நீங்க சரியாவே இல்லண்ணா. இத முழுங்குங்க. வெறும் உப்பு மாத்திரதான்."

உள்ளங்கையில் வைத்தாள். கண்ணாடி போலத் தெரிகிற மெல்லிய கூட்டுக்குள் பொடி உப்பு அடைத்த மாத்திரை. பேச்சிராஜா அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அதைப் போட்டால் சரியாகிவிடும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. வாயில் எச்சில் ஊறியது. வெட்கமாக இருந்தது அவனுக்கு. மாத்திரையைத் திரும்ப அவள் கையிலேயே வைத்தான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நோன்பாண்ணா?"

தலையை ஆட்டினான்.

"எங்கள்ல, ஒடம்புக்கு முடியலன்னா விட்டுட்டு, பெறவு ஒரு நாள் வச்சுக்கலாம்ணா. குத்தமில்ல."

"எங்கள்ல அப்படி இல்ல பாப்பா," என்று சொல்லிவிட்டு ஓடினான். ஓடினான் என்று அவன்தான் நினைத்தான். காலை இழுத்துக்கொண்டு போனான் என்பதுதான் உண்மை. அந்தப் பெண் வயர்லெஸ்காரனை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடுவது அவனுக்குக் கேட்டது. பிறகு ரோடு குளத்துத் தரையைப் போல நீல ஓடுகளாகத் தெரிந்தது. அடியில் யாரோ கிடக்கிறார்கள், குதிக்கவேண்டும் என்று தோன்றியது. விசிலைத் தேடிக் கழுத்தைத் தடவினான்.

கண் திறந்தபோது மேலே வெள்ளைத் துணி. கூடாரம். நாக்கைக் கடித்திருந்தான், வாயெல்லாம் ரத்தம். பக்கத்தில் கணேசபாண்டியன் அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான். வலிப்பு வந்து பத்து நிமிஷம் வெட்டி வெட்டி இழுத்ததாம். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறதாம். டாக்டர் இந்தியில் கோபமாகச் சொன்னதை அவன் தமிழில் சொன்னான்.

"ஒடம்புல தண்ணி கூடிப்போச்சாம் மாப்ள. உப்பே இல்லையாம். மூளையில தண்ணி கோத்துருக்கும்னு சொல்லுதாரு."

தண்ணீர் கூடிப்போச்சு. பேச்சிராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அங்கே அவளுக்குத் தண்ணீர் போதவில்லை. சிரித்ததில் தலை விண்விண்ணென்று தெறித்தது. அப்போதுதான் இடது கையிலிருந்த ஊசியைக் கண்டான். அதிலிருந்து ஏறிய குழாயைக் கண்டான்.

"என்ன ஏறுது மச்சான்?"

"மருந்து."

"என்ன மருந்து?"

கணேசபாண்டியன் வெளியே பார்த்தான். பேச்சிராஜா கண்ணைச் சுருக்கிப் பாட்டிலில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டினான். சோடியம் குளோரைடு. தாராவி முனிசிபல் ஸ்கூலில் எட்டாம் வகுப்பில் அடி வாங்கிப் படித்த பாடம், மறக்குமா?

"உப்பு."

"நாக்குல படலியே மாப்ள. நேரா ரத்தத்துக்குல்லா போகுது. நாக்குல படாதது எப்படிக் கணக்காகும்?"

"பூதத்தான் அண்ணாச்சிட்டக் கேளுங்க."

"மூணு தடவ அடிச்சுட்டேன். மெஷின் சத்தத்துல அவருக்குக் கேக்கல போல, எடுக்கல."

வெளியே மைக்கில் யாரோ ஒருவன் பேரைச் சொல்லி வாழ்த்தினார்கள், கைதட்டல் கேட்டது. பேச்சிராஜா படுத்தபடியே சொட்டுகளைப் பார்த்தான். நாக்குதான் கணக்கென்றால் தப்பில்லை. உடம்புதான் கணக்கென்றால் எல்லாம் போயிற்று. யார் சொல்வார்கள்? கடலைப் பற்றிக் கேட்கத் தோன்றியவனுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டான். எழுந்து போய் மிச்சத்தை ஓடவும் முடியாது. கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

கணேசபாண்டியன் மடியில் போன் அடித்தது. ராணி என்று பேர் விழுந்தது. மணி இன்னும் இரண்டரைகூட ஆகவில்லை.

அண்ணன்காரன் போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டான். எடுக்கவில்லை. பேச்சிராஜாவின் வலது கை மெல்ல மேலே போயிற்று. வீங்கிய விரல்கள் குழாயைத் தடவித் தடவி, சொட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரத்தைக் கண்டுபிடித்தன. கட்டைவிரலால் கீழே தள்ளினான். மேலே, பாட்டிலின் அடியில், ஒரு சொட்டு திரண்டு, விழாமல் நின்றது.

"இப்ப எடுங்க மச்சான்," என்றான்.