கடலில் விழுந்தவரைக் கிணற்றில் தூக்குதல்

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே காத்தான் காட்டில் போர்வெல் போட்டபோது ஆயிரத்து இருநூற்று நாற்பதாவது அடியில் கடல் வந்தது. உப்புக் கரித்ததும் போர்வெல்லை மூடச் சொன்னார் காத்தான். அதற்குள் அலை வரப்பைத் தாண்டிவிட்டது. ஒரே வாரத்தில் அக்கரை தெரியவில்லை. பழனிக்கும் சபரிமலைக்கும் சுற்றுலா பஸ் விட்டுக்கொண்டிருந்த கைலாசம், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் சொல்லி ஒரு சொகுசுக் கப்பல் கட்டினார். முன்னால் எலுமிச்சம்பழம் தொங்கியது, பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்தது.

அந்தக் கடலில் விழுந்தவர்கள் முங்கவில்லை. அவரவர் வீட்டுக் கிணற்றில் போய் மிதந்தார்கள், பள்ளிபாளையத்துக்காரர் பள்ளிபாளையத்தில், ஆத்தூர்க்காரர் ஆத்தூரில். தூக்கிவிடத்தான் ஆள் வேண்டும். கிணற்றில் விழுந்த மாடுகளைத் தூக்கிக்கொண்டிருந்த மாதேஸ்வரனும் அவருடைய ஆட்கள் ஐந்து பேரும் அப்படித்தான் கடல் மீட்புக் குழு ஆனார்கள். படகு கிடையாது; மூன்று பைக், வடம், ஒரு கயிற்றுக் கட்டில். பெட்ரோலும் காலை இட்லியும் கப்பல் கம்பெனியின் தர்மம். ஆடிக்கு ஆடி கைலாசம் புது வடம் வாங்கிக் கொடுத்து, மாதேஸ்வரனோடு நின்று படம் எடுத்துக் கப்பலில் மாட்டுவார். இருபது படங்கள் சேர்ந்தன. அவற்றைவிடப் பெரிய சொத்து மாதேஸ்வரனுக்கு இல்லை.

கைலாசத்தின் மகள் சௌமியா சென்னையில் படித்துவிட்டு வந்து கம்பெனியைப் பார்த்துக்கொண்டாள். மீட்புக் குழு இருபது வருஷத்தில் ஒருமுறைகூடக் கடலில் கால் நனைக்கவில்லை, வேப்பமரத்தடியில் தூங்குகிறது, கிணற்றுக் கதையெல்லாம் ஊர்ப்பேச்சு என்று சொல்லி, சித்திரையில் அவர்களை நிறுத்திவிட்டு, நீச்சல் சான்றிதழ் வைத்திருந்த நால்வருக்கு ஆரஞ்சுச் சட்டை கொடுத்தாள். மாதேஸ்வரன் படங்களைக் கழற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு, சொந்தக் கடல் இருக்கக் காவிரிக்கு எதற்குப் போக வேண்டும் என்று கைலாசம் கப்பலிலிருந்தே முளைப்பாரி விடக் குனிந்தார், விழுந்தார். நால்வரும் குதித்துத் தேடியதில் ஒரு செருப்பு கிடைத்தது. சௌமியா மாதேஸ்வரனுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தவர் ஒன்றுதான் கேட்டார்.

"உங்கூட்டுக் கெணறு எங்க இருக்குது சாமி?"

சமையலறைக்கு அடியில் என்றாள். போன தையில்தான் அந்தக் கிணற்றுக்குக் கான்கிரீட் மூடி போட்டு, மேலே சமையலறை கட்டி, மார்பிள் பதித்திருந்தாள். மூடிய கிணற்றுக்குள் எவ்வளவு நேரம் மூச்சு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

குழு போய்ச் சேர்ந்தபோது கேஸ் சிலிண்டர் குதித்துக்கொண்டிருந்தது. கீழே யாரோ தட்டினார்கள். நல்ல மார்பிள், உடைக்கச் சம்மட்டியால் ஒன்பது அடி ஆயிற்று. பத்தாவது அடியில் தட்டும் சத்தம் நின்றது, மாதேஸ்வரனுக்கு உயிரே போயிற்று. கான்கிரீட்டில் ஓட்டை விழுந்ததும் கட்டிலை இறக்கினார்கள். முளைப்பாரித் தட்டை விடாமல் பிடித்தபடி கைலாசம் மேலே வந்தார். மூச்சு வாங்கி, சுற்றிலும் பார்த்து,

"மாதேசா, இட்லி தின்னியா?" என்றார்.

"மூணு மாசமாச்சுங்க" என்றார் மாதேஸ்வரன். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

இருபத்தோராவது படம் அந்தச் சமையலறையில் எடுத்தது. சௌமியாவும் அதில் நிற்கிறாள். கிணற்றை அவள் மறுபடி மூடவில்லை. சுற்றிக் கம்பி வைத்துப் பக்கத்திலேயே சமைக்கிறாள். இப்போது டிக்கெட் வாங்குகிறவர்கள் வீட்டுக் கிணற்றுக்கு வழி எழுதித் தர வேண்டும். போன மாதம் விழுந்த சேலத்து அடுக்குமாடிக்காரர் ஒருவர், கிணறு இல்லாததால், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் வந்து மிதந்தார். அடுத்த நாள் காலை இட்லியோடு குழுவுக்கு ஓர் ஏணியும் வந்தது.