நல்கை வாங்கிய உழவன் மகன்

ஆட்சி மாறிய வருடமே சாரங்கபாணியின் பெயருக்கு முன்னால் இருந்த 'மிராசுதார்' கழன்று விழுந்தது. அந்த இடத்தில் 'கல்வி வள்ளல்' வந்து உட்கார்ந்தது. வேட்டியின் கரை நிறம் மாறியது. குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருந்த வயல்கள் மட்டும் மாறவில்லை. பாதி அவர் பெயரிலும், மீதி அவர் அப்பா நினைவாகத் தொடங்கிய அறக்கட்டளையின் பெயரிலும் பத்திரமாக இருந்தன.

எண்பதுகளின் கடைசியில் அந்த அறக்கட்டளை ஒரு புதுமை செய்தது. முனைவர் பட்ட ஆய்வை முடிக்க வழியில்லாமல் திண்டாடும் ஏழை மாணவருக்கு ஒரு வருட உதவித்தொகை. 'ஆய்வு நிறைவு நல்கை' என்று அதற்குப் பெயர் சூட்டியவர் பேராசிரியர் ஐயாவு. மேடையில் அடுக்குமொழி கொட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மாணவன் எழுதிக் கொடுத்த இயலைப் படிக்கத்தான் அவருக்கு ஒரு வருடம் பிடிக்கும்.

முதல் நல்கை அவருடைய மாணவன் மருதையனுக்குக் கிடைத்தது. ஆய்வுத் தலைப்பு, 'காவிரிப் பாசனப் பகுதியில் குத்தகைச் சட்டமும் உழுபவர் உரிமையும்'. அரசு உதவித்தொகை நின்றுபோயிருந்தது. இரண்டு இயல் பாக்கி. எழுதி முடித்தாலும் டைப் அடிக்கவும் பைண்டு போடவும் கையில் காசில்லை.

மருதையனின் அப்பா ரெத்தினம் உழுததும் சாரங்கபாணியின் நிலத்தைத்தான். குத்தகைக்கு இரண்டு ஏக்கர், தண்ணீர் முதலில் வந்து பாயும் தலைமடை வயல். போன சம்பா அறுப்புக்கு முன்னால் அவர் இறந்துபோனார். அதன் பிறகு அறுத்ததும், மறுபடி நாற்று விட்டதும், நட்டதும், களை பறித்ததும் மருதையனின் அக்கா ராசம்மாள். புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். மருதையன் ஊருக்கு வந்தால் வரப்பில் நின்று அவளுக்குச் சட்டம் சொல்லுவான். அவள் குனிந்தபடியே "ம்" கொட்டுவாள்.

குத்தகையை வாரிசு பெயருக்கு மாற்றித் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும். யார் பெயரில் மனுப் போடுவது என்ற பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

"எம் பேர்ல போட்டா ஒரு மதிப்பு இருக்கும்க்கா. ஆராய்ச்சி மாணவன்னா தாசில்தாரே உக்காரச் சொல்லுவாரு."

"அப்ப போடு. உக்காந்துட்டு வா," என்றாள் ராசம்மாள்.

மனு தாலுகா ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்த மாதத்தில்தான் நல்கை வழங்கும் விழா. பந்தல், கொடி, தாரை தப்பட்டை. அமைச்சர் வருகிற நேரத்தில் ஐயாவு ஒரு தாளை நீட்டினார். ஆய்வு தவிர வேறு தொழில் எனக்கு இல்லை, விவசாயத்தில் ஈடுபடவில்லை, நல்கைக் காலத்தில் ஈடுபடவும் மாட்டேன் என்ற உறுதிமொழி.

"இது எதுக்குங்கய்யா?"

"அரசாங்க பாரத்தப் பாத்து நான் எழுதுனதுப்பா. சும்மா ஒரு சம்பிரதாயம். போடு, போடு, காரு வந்துருச்சு."

போட்டான். 'ஏர் பிடித்த குலத்தில் எழுதுகோல் பிடித்த ஏந்தலே' என்று ஐயாவு முழங்கினார். சாரங்கபாணி பொன்னாடை போர்த்தினார். கூட்டத்தின் கடைசியில் நின்ற ராசம்மாள், விழா முடிந்ததும் பொன்னாடையைத் தடவிப் பார்த்தாள்.

"என்னடா எழுதிக் குடுத்த?"

"வயல் வேலைக்குப் போவமாட்டேன்னு."

"நீ எப்படா போன?" என்று சிரித்தாள்.

விசாரணை நாளில் தாசில்தார் மருதையனை உட்காரத்தான் சொன்னார். எதிர்த்தரப்பில் சாரங்கபாணியின் வக்கீல் எழுந்து, அறக்கட்டளைக் கோப்பில் இருந்த அந்த உறுதிமொழியைப் படித்தார். குத்தகைதாரர் என்றால் உடம்பு வளைத்து உழைக்க வேண்டும், இவரோ வயலில் இறங்குவதில்லை என்று கையெழுத்தே போட்டிருக்கிறார் என்றார்.

"எங்கக்கா பாடுபடறாங்க சார். குடும்பத்து உழைப்பும் சேரும். என் நாலாவது இயல்ல..."

"அக்காவக் கட்டிக் குடுத்தாச்சுல்ல? அது வேற குடும்பம்," என்றார் வக்கீல்.

தாசில்தார் தலையாட்டினார். கால் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்த ராசம்மாள் வெளியே புங்கமரத்தடியில் நின்றிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. மனு தள்ளுபடியானது.

வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த வக்கீல் மருதையனிடம் நல்ல மனசோடுதான் சொன்னார். "அந்தம்மா பேர்ல போட்டிருந்தீங்கன்னா எங்களால ஒண்ணும் பண்ணிருக்க முடியாது தம்பி. மகளும் வாரிசுதான? சேத்துக் காலோட வந்து நின்னுருந்தாலே போதும்."

மருதையன் புங்கமரத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்து, உட்காரச் சொன்னார்களா என்று கையால் சைகை காட்டிக் கேட்டாள்.

அப்பீல் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். அந்த வாரமே சாரங்கபாணியின் டிராக்டர் வயலில் இறங்கிவிட்டது. வள்ளல் நியாயவான். "வழக்கு வேற, கல்வி வேற தம்பி. நல்கை நிக்காது. நீங்க எழுதி முடிங்க," என்றார். நிற்கவில்லை, மாதம் தவறாமல் வந்தது. மருதையன் எழுதி முடித்தான். வாய்மொழித் தேர்வில், பெண்களின் உழைப்பைப் பேசும் நாலாவது இயலை வெளியூர்ப் பேராசிரியர் புகழ்ந்தார். மிக்சரும் டீயும் கொடுத்தார்கள். ஐயாவு அதையும் படித்ததில்லை என்பதால் அவரும் புகழ்ந்தார்.

பட்டம் கிடைத்ததைச் சொல்ல மருதையன் ஊருக்கு வந்தான். நடவுக் காலம். அதே தலைமடை வயலில் கூலி நடவுப் பெண்கள் வரிசையில் குனிந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் ராசம்மாள்.

அவன் செருப்பைக் கழற்றினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஒரு நாற்றுமுடியை எடுத்தான். பெண்கள் சிரித்தார்கள்.

"டாக்டரு நடவுக்கு வந்துட்டாருடி!"

ராசம்மாள் நிமிர்ந்தாள். "ஏறு."

"இந்த ஒரு முடி மட்டும்க்கா."

"ஏறுடா மொதல்ல! எறங்கமாட்டேன்னு எழுதிக் குடுத்துருக்கல்ல? எவனாவது பாத்துப் போய்ச் சொன்னா ஒம் பட்டத்தப் புடுங்கிருவாங்க. அதாவது மிஞ்சட்டும்."

கேலி செய்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். இல்லை. ரோட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், உண்மையாகவே பயந்திருந்தாள்.

அவன் முடியை அவளிடம் கொடுத்துவிட்டு வரப்பில் ஏறினான். அவள் வாங்கிப் பிரித்து நட ஆரம்பித்தாள். நடுகிறவர்கள் பின்பக்கமாகத்தான் நகருவார்கள். அவனுக்கு எதிரே குனிந்தபடி அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனாள்.