உபயோகிப்பவர் கவனக்குறைவு

முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர் என்பதால் தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். ஓய்வு பெறும்போது மற்றவர்கள் சுவர்க் கடிகாரத்தோடு வீட்டுக்கு வருவார்கள். இவர் கம்பெனியின் மஞ்சள் அட்டைகளை ஒரு பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். அட்டைக்கு மூன்று வரி: கோளாறு, காரணம், பழுது பார்த்தவர். மேலே நூல் கோக்க ஓர் ஓட்டை.

சரி பண்ணிய எந்தச் சாமானும் அட்டை கட்டிக்கொள்ளாமல் அவர் கையை விட்டுப் போனதில்லை. பக்கத்து வீட்டு மிக்சி, மாடிக்காரரின் சைக்கிள், தையல்காரம்மாவின் இஸ்திரிப் பெட்டி, எல்லாவற்றிலும் மஞ்சள் தொங்கியது. காரணம் என்ற வரியில் பெரும்பாலும் ஒரே பதில்: உபயோகிப்பவர் கவனக்குறைவு. மிக்சிக்காரம்மா அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். மிக்சி மட்டும் குறை சொல்ல முடியாதபடி ஓடுகிறது.

ஊரார் வீட்டில் இத்தனை செய்தவர், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒரு காலில் ஆடுவதை மட்டும் ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தனிக் கதை.

மகள் வீட்டு வாசலை அவருக்கு அடைத்ததும் அட்டைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை சமையலறையில் தன் கையாலேயே ஓர் அலமாரி மாட்டினார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற கை. ஏதோ ஆசையில் மாட்டிவிட்டது. விருந்துக்கு வந்தவர்கள் பாராட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மாமனார் எழுந்து போய், பையிலிருந்து அட்டையை எடுத்து அலமாரிக் கொக்கியில் மாட்டினார். "உபயோகத்துக்குத் தகுதியற்றது. காரணம்: மாட்டியவருக்குப் பழக்கமில்லை." அதையாவது மன்னித்திருப்பார்கள். மூன்று மாதத்தில் அலமாரி அப்படியே பெயர்ந்து விழுந்தது. அதைத்தான் மாப்பிள்ளையால் மன்னிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மனைவி மட்டும் மகள் வீட்டுக்குப் போவாள். போன வருஷம் பேத்தி பிறந்தாள். லிஃப்ட்காரர் அவளைச் செல்போனில்தான் பார்த்தார், அதுவும் மனைவி திரையை அவர் பக்கம் திருப்பினால்.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை மகள் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே மாப்பிள்ளையின் ரிமோட் டிரக். கைக்குழந்தை அளவு வண்டி, அதற்குச் சற்றும் பொருந்தாத யானைக்கால் சக்கரங்கள். மாப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு அவளே கடையில் பார்த்து வாங்கிக்கொடுத்தது. ஞாயிறு காலைகளில் அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நாலைந்து தடி ஆம்பிளைகள் இதை ஓட்டி மகிழ்வார்கள்.

"ஸ்டீயரிங்கே புடிக்க மாட்டேங்குதுப்பா. திரும்புன்னா லேசாத் தலையாட்டுது, அவ்வளவுதான். போன வாரம் நேரா போய் தூண்ல முட்டிச்சு."

"மாப்பிள்ளை கொடுத்து அனுப்பினாரா?"

"உங்கப்பாவால ஆகுமான்னு கேளுன்னார்." மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சரியாச்சுன்னா ஞாயித்துக்கிழமை நீங்களே கொண்டாங்க. சாப்பிட்டுட்டுப் போலாம்."

லிஃப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

மறுநாள் வண்டி மேசைமேல் அங்கம் அங்கமாகக் கிடந்தது. முன் சக்கரங்களைத் திருப்புவது தீப்பெட்டி அளவு மோட்டார். சர்வோ என்று பெயர். அதற்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங். சக்கரம் எங்காவது மோதினால் அந்த அடி மோட்டாரின் பற்களுக்குப் போகாமல் தானே வாங்கிக்கொள்வது அதன் வேலை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. இறுக்கினார். திருப்பும் தண்டின் பிளாஸ்டிக் வளையங்கள் தேய்ந்து லொடலொடத்தன. எடுத்துவிட்டுக் குட்டி பேரிங்குகள் போட்டார். பிடிப்பு வந்தது, ஆனால் சக்கரம் பழையபடி கால்வாசிதான் திரும்பியது. புதன்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய் இரும்புப் பல் வைத்த புது சர்வோ வாங்கிவந்து மாட்டினார். அப்போதும் கால்வாசிதான்.

"மாப்பிள்ளை மாதிரியே இருக்கு. இறங்கி வர மாட்டேங்குது" என்றார்.

"யாரு மாதிரின்னு நான் சொல்லட்டுமா?" என்றாள் மனைவி, காய் நறுக்கியபடி.

வெள்ளிக்கிழமைதான் ரிமோட் பக்கம் பார்வை போனது. கைப்பிடியின் ஓரத்தில், பட்டாணி அளவில் ஒரு திருகு. சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்பதற்கு அளவு வைக்கும் திருகு. அடிமட்டத்தில் நின்றது. நகத்தால் மேலே தள்ளினார். சக்கரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சடாரென்று திரும்பியது.

லிஃப்ட்காரர் முகத்தில் வந்த ஒளியைப் பார்த்ததும் மனைவி கை வேலையைப் போட்டுவிட்டு வந்தாள்.

"ஏங்க, சரியாயிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

"நான் என்ன சொல்லப் போறேன்?"

"அட்டை வேண்டாம்."

"வாயத் திறக்க மாட்டேன், போதுமா?"

வாயைத் திறக்கவில்லை, அது உண்மைதான். தவளை தன் வாயால் கெடும். இவர் தன் கையெழுத்தால். காரணம் எழுதாத வேலை பாதி வேலை என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்கு அதே திருகை அதே ஆள் மறுபடி இறக்கி வைப்பானே. சனிக்கிழமை மனைவி குளிக்கப் போன நேரத்தில் எழுதினார். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று வண்டியின் அடிவயிற்றில் கட்டினார். அவரைப் பொறுத்தவரை அது விட்டுக்கொடுத்தல்.

ஞாயிறன்று இஸ்திரி போட்ட சட்டையோடு போய் இறங்கினார். மகள் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அது சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்து இழுத்தது. மாப்பிள்ளை கீழே வண்டியை விட்டார். தூணைச் சுற்றி எட்டுப் போட்டது. நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. கூட நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

"அசத்திட்டீங்க, மாமா" என்றார் மாப்பிள்ளை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் மாமா.

லிஃப்ட்காரர் குழந்தையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு வேகத்தடையில் ஏறிக் குட்டிக்கரணம் போட்டு மல்லாந்தது. நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுழல, நடுவில் மஞ்சள் அட்டை. பக்கத்து ஃப்ளாட்காரர் குனிந்து, நல்ல கணீர்க் குரலில் படித்தார்.

"கோளாறு: திருப்பம் போதாது. காரணம்: ரிமோட் திருகு குறைத்து வைக்கப்பட்டிருந்தது. உபயோகிப்பவர் கவனக்குறைவு."

ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். "ஏம்பா, திருகுகூடத் தெரியாமலா ஒரு வருஷமா ஓட்டுற?"

மாப்பிள்ளையும் சிரித்தார். வண்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சாப்பாடு ரெடியான்னு பாக்கறேன்" என்று மாடிக்குப் போனார். அரை மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை. மகள்தான் வந்தாள். அப்பா கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"அவருக்குத் தலைவலியாம்."

"நான் பொய்யா எழுதினேன்? இருந்ததைத்தானே எழுதினேன்."

"அந்தத் திருகை இறக்கினது நான்ப்பா." குரல் உயரவே இல்லை. "வாங்கினப்போ கடைக்காரர் எனக்குத்தான் காட்டினார். அவருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. உங்ககிட்ட கொடுத்துவிட ஒரு சாக்கு வேணும்னு நான்தான் திருப்பி வெச்சேன். ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சு, சரி பண்ணிட்டேன்னு கொடுப்பீங்கன்னு நெனச்சேன்."

லிஃப்ட்காரர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"அப்படின்னா அட்டைல இருக்கறது தப்பு. அதைக் கொண்டா, திருத்தித் தரேன்."

மகள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு மாடிப்படி ஏறினாள். குழந்தை தோள் வழியாகப் பேனாவுக்குக் கை நீட்டிக்கொண்டே போனது.

அடுத்த ஞாயிறு மனைவி தனியாகப் போய்வந்தாள். திரும்பியபோது தூக்குப் பாத்திரத்தோடு அந்த அட்டையும் வந்தது. மாப்பிள்ளைதான் கொடுத்தனுப்பியிருந்தார். லிஃப்ட்காரர் ஸ்கேல் வைத்து "உபயோகிப்பவர் கவனக்குறைவு" என்பதை அடித்தார். மேலே பொடி எழுத்தில், "மகள் வேண்டுமென்றே செய்தது" என்று எழுதினார். தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார், மை காய ஊதினார்.

"இந்தா. அடுத்த வாரம் போறப்ப மாப்பிள்ளைகிட்ட கொடுத்துடு. இப்ப சரியா இருக்கு."

மனைவி வாங்கிப் படித்தாள். இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். குனிந்து, சாப்பாட்டு மேசையின் ஆடும் காலுக்கு அடியில் அதைச் செருகினாள்.

"இதாவது ஆடாம நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் மேசையின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. மூடியைத் திறந்தார். சோறு ஆறியிருந்தது.