ஈரத்தோடு மூடியது

மிளகுச் சாக்குக்குள் கையை விட்டு ஈரத்தைச் சொல்வது பரீத்தின் தொழில். மட்டாஞ்சேரி ஜூ டவுனில், மிளகு வாங்கும் கிடங்கு ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக அதைச் செய்துவருகிறார். சென்ற மார்ச்சிலிருந்து வீட்டில் அவர் மேற்கொண்ட பொறுப்பு, மனைவி மெஹருன்னிசாவின் பல் துலக்கும் பிரஷ்.

மார்பகப் புற்றுநோய்க்கு அவளுக்குக் கீமோ தொடங்கிய நாளில், நர்ஸ் சந்தனமாரி வாயைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். தென்காசிப் பக்கத்துப் பெண்; மலையாளத்தில் அல்லாமல் தமிழில் சொன்னதால் ஒரு சொல்லும் தவறவில்லை என்று பரீத் நம்பினார். எதிர்ப்புச் சக்தி குறையும், வாயில் கிருமி எளிதில் தங்கும். மிருதுவான பிரஷ்ஷாக வாங்கி, மற்றவர்களுடையதோடு சேர்க்காமல், கழுவி உதறி, காற்றுப்படும்படி நிமிர்த்தி வைக்கவேண்டும். மாதம் ஒருமுறை மாற்றவேண்டும்.

பரீத் அத்தனையும் செய்தார். கூடுதலாக ஒன்றும் செய்தார். மட்டாஞ்சேரி வீட்டின் குளியலறையில் கரப்பான்கள் உண்டு. ஆகவே பள்ளுருத்திக் கடை ஒன்றில், பிரஷ்ஷின் தலைக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் மூடியை வாங்கிவந்தார். மெஹருன்னிசா பல் துலக்கி முடித்ததும் பிரஷ்ஷைத் தாமே வாங்கிக் கழுவி, உடனே மூடியைப் பொருத்துவார். 'டக்' என்று ஒலி கேட்டால்தான் அவருக்குத் திருப்தி.

ஜன்னலோரம் திறந்து வைத்தால் காயுமே என்று அவள் ஒருமுறை சொன்னாள். இந்த மழையில் ஜன்னலில் எது காய்கிறது என்று அவர் கேட்டார். மறுமுறை, மூடிக்குள்ளிருந்து ஒரு வாடை வருகிறது என்றாள்.

"மருந்துல உனக்கு எல்லாமே நாறுது. நேத்து சாயாவும் நாறுதுன்னே."

"சாயா நீங்க போட்டது."

இருவரும் சிரித்தார்கள்; பேச்சு அத்தோடு முடிந்தது. பிரஷ்ஷை அவர் மாதந்தோறும் மாற்றினார். மூடியை மாற்றவில்லை.

மகள் ஹிஸானாவின் நிக்காஹ் தேதியை மருத்துவரைக் கேட்டே குறித்திருந்தார்கள். மருந்தின் சோர்விலிருந்து உடல் தேறும் வாரம் அது. திருப்பூணித்துறையில் மண்டபம். மகளுக்குத் தன் கையால் முக்காடு போட்டுவிடவேண்டும் என்பதைத் தவிர மெஹருன்னிசா அந்த ஆண்டு முழுவதும் எதையும் கேட்டதில்லை.

நிக்காஹ்வுக்கு மூன்று நாள் இருக்கையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நாக்கிலும் தொண்டையிலும் வெண்படலம். தண்ணீரைக்கூட விழுங்க முடியவில்லை. பூஞ்சைத் தொற்று என்று மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். இந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் யாருக்கும் வரக்கூடியது, இன்னதால் வந்தது என்று சொல்ல இயலாது என்றார் மருத்துவர்.

மாற்றுத் துணியோடு பிரஷ்ஷையும் பரீத் கொண்டுவந்தார், மூடியோடு. சந்தனமாரி மூடியைக் கழற்றினாள்; முகர்ந்தாள். அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். மூலைகளில் கருப்புப் புள்ளிகள் படர்ந்திருந்தன.

"ஈரத்தோடயா மூடி வச்சீங்க, பாய்?"

பரீத் மூடிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஈரம் போகாமல் கட்டிய சாக்குகளை அவர் கிடங்கு வாசலிலேயே திருப்பி அனுப்புபவர். மேலே பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதாடியவர்களிடம் அவர் இரக்கம் காட்டியதில்லை.

நிக்காஹ்வைத் தள்ளிவைக்க மெஹருன்னிசா சம்மதிக்கவில்லை. பெண்ணைக் கொடுக்கவேண்டியவர் தகப்பன் என்பதால் அவர் போனார். முக்காட்டை மாப்பிள்ளையின் அக்கா போட்டுவிட்டாள். மூடியைப் பற்றி இன்று மனைவியிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடு, மாலையில் புதுச் சட்டையைக்கூட மாற்றாமல் மருத்துவமனைக்குத் திரும்பினார். அவள் முந்திக்கொண்டாள்.

"சந்தனமாரி காட்டுச்சு." ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தினாள். "ஹிஸானாட்ட சொல்ல வேண்டாம். அப்புறம் அவ உங்களோட ஒரு வார்த்தை மிண்டமாட்டா."

"நீ?"

"எனக்குப் பேசினா வலிக்குது," என்று கண்களை மூடிக்கொண்டாள்.

மறுநாள் ஹிஸானா கணவனோடு வந்தாள். இவ்வளவு கவனமாக இருந்தும் எப்படி வந்தது என்று கேட்டாள். இரத்த அணுக்கள் குறைந்துவிட்டன என்றார் பரீத். அது பொய்யல்ல.

"அத்தா பார்த்துக்கிட்ட மாதிரி வேற யாரும் பார்த்திருக்க மாட்டாங்க," என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மெஹருன்னிசா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பரீத் தம் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.