தண்ணீர் இறங்கிய வழி

தூக்க முயன்றவர்களின் கையில் செனாய்தா எங்கள் தேவாலயத்தின் பெரிய மணி அளவுக்குக் கனத்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சாதாரண எடைதான், ஒரு மூட்டை உருளைக்கிழங்கைவிடச் சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டிலிலிருந்து நாற்காலிக்குக் கையை ஊன்றி அவளே நகர்ந்துகொள்வாள், கட்டில் ஒன்றும் சொல்லாது. யாராவது அவள் அக்குளில் கை கொடுத்துத் தம் பிடித்தால்தான் வம்பு. தரைப்பலகை விரியும், தூக்கியவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்காருவான். நாட்டு வைத்தியரும் நகரத்து மருத்துவரும் வந்து பார்த்தார்கள். இரண்டு பேருக்குமே அதன் பிறகு முதுகுவலி.

சான் எலோய்காரர்களான எங்களுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. நாங்கள் தோளுக்குப் பேர்போனவர்கள். புனிதர்களின் சிலைகளைத் தோளில்தான் ஊர்வலம் கொண்டுபோவோம், பிரசவ வேதனையில் இருப்பவளையும் சவத்தையும் அப்படித்தான். நடக்க முடியாதவரைத் தூக்கிக்கொண்டு போவது எங்களுக்கு மரியாதை, வேண்டாம் என்று சொல்வது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவதற்குச் சமம். செனாய்தாவோ வாய்விட்டே சொன்னாள்: "நான் என்ன சாமியா, பொணமா? எறக்கி விடுங்கய்யா!"

அவள் எங்கேயாவது போக வேண்டும் என்றால் அது ஒரே இடந்தான். மலைமேல் இருக்கும் தவளை ஏரி. அவள் மகள் லுசிலா ஏழு வயதில் அந்த ஏரியில் இறங்கினாள், ஏறவில்லை. வலை போட்டும் உடல் கிடைக்காததால் ஏரியே கல்லறை என்று பாதிரியார் மந்திரித்துக் கொடுத்தார். நவம்பரில் இறந்தோர் திருநாளன்று ஊர் முழுவதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது செனாய்தா மட்டும் மலையேறுவாள். கறுப்புச் சோளமாவும் மலைப்பழமும் போட்டுக் காய்ச்சிய ஊதாக் கூழ் ஒரு ஜாடி, துணி சுற்றிய பிள்ளைபோல் பிடித்துச் சுட்ட ரொட்டி ஒன்று. கரையில் வைத்துவிட்டு மகளோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பாள். திரும்பும்போது ஜாடி லேசாகியிருக்கும். இறந்தவர்கள் குடித்த அளவுக்குக் கூழ் குறைவது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். குறைந்திருந்தால் பெற்ற வயிறு அடுத்த நவம்பர் வரை தாங்கும்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் பால் ஏற்றிப்போன லாரி கவிழ்ந்து அவள் கால்கள் இரண்டும் செயலற்றுப்போயின. அந்த நவம்பரில்தான் முதன்முதலாக அவளைத் தூக்கப் பார்த்தார்கள், கனம் தெரிந்தது. கோவேறு கழுதைமேல் ஏற்றலாம் என்றார்கள். கழுதைமேல் வைக்கவும் முதலில் தூக்கியாக வேண்டுமே. கடைசியில் கணவன் லிசார்தோ ஜாடியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். அந்தி சாயும்போது திரும்பி வந்து ஜாடியை மேசைமேல் வைத்தான். விளிம்புவரை அப்படியே இருந்தது, கூழின்மேல் படிந்த ஆடைகூடக் கலையவில்லை.

"தொடவே இல்ல. எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன், செனா."

"எப்படித் தொடுவா? உசுரோட இருந்தப்பவே என் கையால குடுத்தாத்தானே வாயத் தொறப்பா. உன் கையால என்னைக்காவது ஒரு வாய் வாங்கியிருக்காளா?"

"இல்லதான்," என்றான் லிசார்தோ. அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த ஆண்டும் ஜாடி நிறைந்தே வந்தது. அதற்கடுத்த ஆண்டும். செத்த பிள்ளை பட்டினி கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே அடுப்பு மூட்டுவதைவிடக் கொடுமை ஒரு தாய்க்கு வேறில்லை. செனாய்தா இளைத்தாள். இளைத்தும் தூக்கும்போது கனம் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊர் கூடி மிங்கா போட முடிவு செய்தது. மிங்கா என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும், கூலி கிடையாது, உருளைக்கிழங்குச் சூப்பு உண்டு. கொத்தனார் பான்ஃபிலோ தலைமை ஏற்றார். கல் வேலையில் அவரை அடிக்க ஆளில்லை, அதை அவரே எல்லோருக்கும் சொல்வார். இரண்டு கோடைக்காலம் உழைத்து ஊரிலிருந்து ஏரிவரை நேராக ஒரு பாதை போட்டார்கள். திறப்பு விழாவுக்கு வாத்தியக்குழு வந்தது, பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். செனாய்தா நாற்காலியை உருட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். பாதை முழுக்க வெட்டுக்கல் படிகள், ஒவ்வொன்றும் கண்ணாடிபோல் இழைத்தவை. வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக ஊதுவதை நிறுத்தினார்கள். அத்தனை பேர் அத்தனை நாள் வேலை செய்தும் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. வழி என்றால் எங்களுக்குப் படி, அவ்வளவுதான்.

"படி நல்லா அகலமாத்தான் வச்சிருக்கேன், அண்ணி," என்றார் பான்ஃபிலோ.

செனாய்தா முதலில் சிரித்தாள். கூட்டமும் தப்பித்தோம் என்று சேர்ந்து சிரித்தது. அப்புறந்தான் அவள் அழுவது தெரிந்தது.

வழியை அவளேதான் சொன்னாள். ஏரியிலிருந்து ஊர் வயல்களுக்கு வரும் வாய்க்கால் அவள் வீட்டுப் பின்புறமாகப் போகிறது. மலையை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வருகிற வாய்க்கால். "தண்ணிக்கும் கால் கெடையாது," என்றாள் பான்ஃபிலோவிடம். "அது எப்படி எறங்கி வருதோ அப்படியே என்னை ஏத்திவிடுங்க."

"சுத்து வழியாச்சே, அண்ணி. வருசக்கணக்குல ஆகுமே."

"அவ எங்கயும் போயிட மாட்டா."

வாய்க்கால் கரையை அகலப்படுத்தி, மண் கெட்டித்து, நாற்காலி போகும் அளவுக்குப் பாதை நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் செனாய்தா மடியில் ஒரு கிண்ணம் பால் வைத்துக்கொண்டு தானே உருட்டிப் பார்ப்பாள். பால் தளும்பி மடி நனைந்தால் அந்த இடத்தை வெட்டிச் சரிசெய்ய வேண்டும். பான்ஃபிலோ தன் ஆயுளில் யாருக்கும் இப்படி அடங்கிப் போனதில்லை. அந்த ஆண்டுகளில் மூன்று பாதிரியார்கள் மாறினார்கள், பணம்கூட மாறி டாலர் ஆனது, உருளைக்கிழங்கு விலை இரண்டு முறை விழுந்தது. மலைச்சரிவு இரண்டு தடவை பாதையைத் தின்றது, திரும்பவும் போட்டோம். நவம்பர்தோறும் லிசார்தோ நிறைந்த ஜாடியோடு போய் நிறைந்த ஜாடியோடு வந்தான். போகும்போது சொல்வான்: "உங்கம்மா பக்கத்துல வந்துட்டா, இன்னும் கொஞ்சந்தான்னு அவகிட்ட சொல்றேன். கேக்குறாளோ என்னவோ."

ஏரிக்கு முன்னால் கடைசியாக ஒரு பாறைத் தோள் மட்டும் மீதியிருந்தது. அதைச் சுற்றிவிட்டால் தண்ணீர் தெரியும். அந்தப் பாறை உடைபடுவதற்குள், அக்டோபர் முடியும் தறுவாயில், செனாய்தா காய்ச்சலில் இறந்துபோனாள். கடைசியாக அவள் சொன்னது ஒரு கேள்வி: "இன்னும் எவ்வளவு இருக்கு?" பக்கத்தில் இருந்த லிசார்தோ, "ரொம்பக் கொஞ்சந்தான் செனா," என்றான். பொய்யில்லை. அதனாலேயே அதை இன்றுவரை அவனால் மறக்க முடியவில்லை.

சவப்பெட்டியைத் தூக்க எட்டுப் பேர் குனிந்தார்கள். அசையவில்லை. பன்னிரண்டு பேர், பிறகு வாசலில் நின்ற அத்தனை பேரும். கயிறு அறுந்தது. செத்த பிறகாவது தோள் கொடுக்க விடுவாள் என்று நம்பியிருந்த ஊர் தலை குனிந்து நின்றது. கடைசியில் லிசார்தோதான் பெட்டியின் பக்கப்பலகைகளைக் கழற்றி, அவளை ஒருக்களித்துப் புரட்டி, நாற்காலியையும் அப்படியே சாய்த்து அவள் முதுகோடு ஒட்டவைத்து, அவளை அதோடு கட்டி நிமிர்த்தச் சொன்னான். தூக்காமல் நிமிர்த்தினார்கள். நிமிர்ந்ததும் பழைய எடைதான். மடியில் போர்வையும் தலையில் தொப்பியும் வைத்தார்கள். கூழ் ஜாடியை அவளுடைய இரண்டு கைகளுக்கும் இடையில் வைத்தான் லிசார்தோ.

கல்லறைத் தோட்டம் இடதுபக்கம். நாற்காலி வலதுபக்கம் திரும்பியது. ஊரே மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு முன்னால் போனது. செனாய்தா பாறைக்கு இந்தப் பக்கம் காத்திருந்தாள், நாங்கள் உடைத்தோம். முழங்கால் தேய்ந்துபோன கிழவர் பான்ஃபிலோவும் தடியோடு உருளாத குறையாக வந்து சேர்ந்து, தரையில் உட்கார்ந்தபடியே மட்டம் பார்த்தார். ஜல்லி கொட்டி நிரவியதும் லிசார்தோ நாற்காலியைத் தள்ளினான். ஜாடியிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை.

ஏரிக்கரைச் சரிவுக்கு வந்ததும் அவன் நின்றான். பிடியை இறுகப் பற்றியிருந்தான்.

"கைய விட்டுருங்க, அண்ணே," என்றார் பான்ஃபிலோ. "அவங்களே போயிக்குவாங்க."

விட்டான். நாற்காலி வேகம் எடுக்காமல், தெரிந்த வீட்டுக்குள் போவதுபோலத் தண்ணீருக்குள் இறங்கியது. சக்கரம், மடி, தோள், கடைசியில் தொப்பி. பாதிரியார் சிலுவை போட்டார், இதற்கென்று தனியாக ஜெபம் இல்லாததால் இருப்பதையே சொன்னார். லிசார்தோ கரையில் குந்தி வாய்விட்டு அழுதான், நாங்களும் அழுதோம். கொஞ்ச நேரத்தில் ஜாடி மட்டும் மிதந்து அவன் காலடியில் வந்து ஒதுங்கியது. உள்ளே துடைத்துவைத்ததுபோல் ஒரு துளிகூட இல்லை.

இப்போது பக்கத்து ஊர்களிலிருந்து ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் பலர் அந்தப் பாதையில் ஏரியைப் பார்க்க வருகிறார்கள். யாரையும் யாரும் தூக்க வேண்டியதில்லை. படிகளில் ஆடு மேய்கிறது. இறந்தோர் திருநாளுக்கு மறுநாள் காலையில் கரையில் இரண்டு ஈரச் சக்கரத்தடங்கள் தண்ணீரிலிருந்து ஏறி, லிசார்தோ ஜாடி வைக்கும் இடம்வரை வந்து திரும்பியிருக்கும், நடுவில் சிறு பிள்ளையின் பாதச்சுவடுகளும் இருக்கும். ஈரமண்ணில் சக்கரம் புதைந்துவிடக் கூடாது. அதனால் அக்டோபர் மிங்காவில் பாதையைச் சரிசெய்யும்போது கரையோடு நிறுத்திக்கொள்ளாமல், இடுப்பளவு தண்ணீர்வரை இறங்கி ஜல்லி கொட்டி நிரவிவிட்டு வருகிறோம்.