அளவுக்கு ஓர் ஆள்

“இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணு,” என்றார் கேமராக்காரர்.

மகள் பண்ணினாள். திரையில் அம்மாவின் பக்கவாட்டு முகம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. காது ஒரு பழுப்புக் கட்டம், கன்னம் இரண்டு கட்டம், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பின்னாலிருந்த சுவர்.

“இதுக்கு மேல போனா அம்மாவே இல்லப்பா.”

“சரி, அடுத்ததைப் போடு.”

முன்னறையில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுக் காலை பல் தேய்க்கப் போனவள் குளியலறை வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். இப்போதே மணி பன்னிரண்டரை.

நாலாயிரம் படம் எடுத்தவர் வீட்டில் படத்துக்கா பஞ்சம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அதுதான் இங்கே கூத்து. மனுஷன் நகராட்சியில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். வட்டாரம் மாறத் தொடங்கியதும், இடிக்கிறதுக்குள் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். மணிக்கூண்டு, தண்ணீர்த் தொட்டி, பழைய சந்தையின் வளைவு, ரவுண்டானாவில் நின்ற சிமென்ட் மீன் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல். வரைபடக்காரர் புத்தி எங்கே போகும்? உயரம் தெரிய வேண்டும், அளவுக்கு ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். சொன்ன இடத்தில் நிற்க வேறு யார் அகப்படுவார்கள்? பெண்டாட்டிதான்.

கேமராவைப் பார்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் வேறு. பார்த்தால் குடும்பப் படம் மாதிரி ஆகிவிடுமாம். ஆகவே இருபத்திரண்டு வருஷமாக அவள் கட்டடங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், வெயிலில், கைப்பையோடு.

“என்னையும் ஒரு தடவை கிட்ட வந்து எடுங்களேன்,” என்று எப்போதாவது கேட்பாள்.

“வெளிச்சம் போகுது. கட்டடம் நாளைக்கு இருக்காது. நீ எங்க போகப்போற? இடப்பக்கம் ரெண்டு அடி நகரு.”

அவளும் சிரித்துவிட்டு நகர்ந்து நிற்பாள்.

மச்சினன் கதவுக்குள் தலையை நீட்டினான். “மாமா, அக்காவோட ஐடி கார்டு படத்தையே பெருசு பண்ணிடலாம். நேரமாகுது.”

கார்டில் ஒரு முகம் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தது. கல்யாணப் படத்தில் இருபத்து மூன்று வயசுப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்திருந்தாள். மகளின் போனில் எல்லாப் படத்திலும் முகத்தை மறைத்த கைதான். தலை சீவல, வேணாம்டி என்று அவள் சொன்னது மகளுக்கு இன்னும் காதில் இருந்தது.

“அது அவ இல்ல,” என்றார் கேமராக்காரர்.

“வேற என்ன மாமா இருக்கு?”

அவர் அடுத்த படத்தைப் போடச் சொன்னார். மச்சினனோடு உறவுக்காரர் இரண்டு பேர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். படங்கள் ஓடின.

“அட, நம்ம பழைய சந்தை. இந்த வளைவுக்குக் கீழதானே செருப்புக்கடை இருந்துச்சு?”

“இந்த மீன் வாயில தண்ணி கொட்டுமே, ஞாபகம் இருக்கா?”

துக்கத்துக்கு வந்ததையே ஒரு நிமிஷம் மறந்துவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, அதைப் பார்க்கத்தானே எடுத்து வைத்தார். அவருக்குத்தான் இன்று ஒரு கட்டடமும் கண்ணில் படவில்லை. ஓரத்தில் நிற்கிற முதுகு மட்டும் தெரிந்தது. வரிசையாக முதுகுகள், மிஞ்சிப்போனால் ஒரு காது.

ஒன்றே ஒன்றில் அவள் திரும்பியிருந்தாள்.

மூடிப்போன நூல் ஆலையின் பக்கச் சுவர். உடைந்த ஓடுகளைப் பதித்து யாரோ செய்த பெண் முகம், ஐந்து மாடி உயரம். அதன் மோவாய்க்குக் கீழே நின்று அவள் கேமராவைப் பார்த்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். போதுமா என்று கேட்டாளோ, கால் வலிக்கிறது என்றாளோ. யோசித்து யோசித்துப் பார்த்தார், பிடிபடவே இல்லை. படத்தைக் கெடுத்துட்டியே என்று அவள்மேல் எரிந்து விழுந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

மகள் பெருசு பண்ணினாள். சுவர் முகத்தில் ஓட்டின் கீறல்கூடத் தெரிந்தது. அம்மா கட்டம் கட்டமானாள்.

“வேணாம், விடு. அப்படியே முழுசா பிரிண்ட் போட்டுட்டு வா.”

“எல்லாரும் அந்தச் சுவத்து மூஞ்சியத்தான் பாப்பாங்கப்பா.”

“தெரியும்மா. அவ என்னைப் பார்த்துட்டு நிக்கிறது இது ஒண்ணுதான். நான் வேற என்ன பண்ணட்டும், சொல்லு.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினாள். கடையில் பெரிய தாள் இல்லை. பள்ளிக்கூட நோட்டு அளவில்தான் போட்டுக்கொண்டு வந்தாள்.

இரண்டரைக்குப் படம் தலைமாட்டுக்கு வந்தது. கேமராக்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மகளோடு வேலை பார்க்கும் பெண்தான் முதலில் வந்தாள். தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு படத்தைப் பார்த்தாள். சுவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல அம்மா எங்க இருக்காங்க சார்?”

“கீழ பாரும்மா. இங்க.”

சுட்டுவிரலை வைத்துக் காட்டினார். விரல் நுனிக்கடியில் அவள் மொத்தமாக மறைந்துபோனாள். அந்தப் பெண் குனிந்து அவர் விரலைப் பார்த்தாள்.

அவர் விரலை எடுத்தார். பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, “எங்க?” என்றார்.

கேமராக்காரர் மறுபடியும் விரலை வைத்தார்.