வேலை நேரத்தை எழுதிக் கொடுக்கவும்

அவருடைய சந்தேகப் புத்தி தொழிலில் ஒட்டிக்கொண்டதா, பிறக்கும்போதே கூடவே வந்ததா என்பது அவர் மனைவிக்கே இன்னும் பிடிபடவில்லை. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பால் பாக்கெட்டில் தேதியைப் படித்துவிட்டு, அந்தத் தேதியை யார் அடித்தது என்றும் யோசிப்பார். கடைக்காரர் ஒரு நாள் கூடுதலாகச் சிரித்துவிட்டால் போதும், வீட்டுக்கு வந்து மீதிச் சில்லறையை மறுபடி எண்ணுவார்.

தொழில், தொலைபேசியில் மொழிபெயர்ப்பது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மொழி பேசுவார், நோயாளிக்கு அது தெரியாது. இருவருக்கும் நடுவில் இவர் குரல் ஓடிக்கொண்டிருக்கும். பதினொரு வருடமாக இதே வேலை. காதில் மாட்டிய கருவியோடு உட்கார்ந்தால் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன் என்று சொல்பவர் போடுகிறாரா இல்லையா என்பது அந்த வாக்கியம் முடிவதற்குள் இவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் பொய்யென்று தெரிந்தாலும் பொய்யாகவே மொழிபெயர்க்க வேண்டும். அதுதான் விதி. இன்னொரு விதியும் இருந்தது. இவர் பக்கத்திலிருந்து சத்தம் வரக் கூடாது. மூன்று புகார் வந்தால் வேலை போய்விடும்.

இரண்டு வந்துவிட்டன. பக்கத்துக் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் சம்மட்டி விழும்போதெல்லாம் அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டார். இடிப்பு முடிய இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் அமைதியான இடம் ஒன்று கிடைக்க வேண்டும், அதுவும் ரயிலில் போகும்படியாக. காரில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் குடல் வெளியே வந்துவிடும் ஜாதி அவர்.

இணையத்தில் தேடித் தேடிக் கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை, சின்ன கிராமம், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு தனி அறை. தங்கிப்போன முப்பது பேரும் ஒரே பல்லவி பாடியிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை, ஒரு சத்தம் இல்லை.

"முப்பது பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க பாரு. ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கு," என்றார் மனைவியிடம்.

"அமைதியா இருந்தா அமைதியா இருந்துச்சுன்னுதான் எழுதுவாங்க. வேற என்ன கவிதையா எழுதுவாங்க?"

வீட்டுக்காரம்மாவிடம் பேசியபோது சந்தேகம் இன்னும் வலுத்தது. அந்த அம்மாள் மூன்று நிபந்தனை வைத்தார். வருவதும் போவதும் ரயிலில்தான், காரில் வந்தால் அறை கிடையாது. ரயில் டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும். எத்தனை மணிக்கு வேலை ஆரம்பம், எப்போது இடைவேளை, எப்போது முடியும் என்று நிமிடக் கணக்கில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"கார் இருந்தா தப்பிச்சுப் போயிடுவாங்கன்னு பயம் போல," என்றார் இவர். "டிக்கெட்டை வாங்கி வச்சுக்கிட்டா நான் அங்க வந்ததுக்கே அத்தாட்சி இருக்காது. எந்த நேரம் அறைக்குள்ள இருப்பேன்னும் நானே எழுதிக் குடுக்கணுமாம்."

மனைவி துணியை மடித்தபடியே சொன்னாள். "உங்ககிட்ட திருடறதுக்கு அந்த ஹெட்போனைத் தவிர என்னங்க இருக்கு? அதுவும் ஒரு காது கேக்காது. கிளம்புங்க."

கிளம்பினார். அவரோடு அந்த ஸ்டேஷனில் இறங்கியவர்கள் இரண்டே பேர். வீட்டுக்காரம்மாவே நடைமேடைக்கு வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டை குட்டையான உடம்பு, கண் மட்டும் எதிலும் தாமதிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பது வருடம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவராம். ஊரில் எல்லோருக்கும் அவர் கேட்டக்கா. வணக்கம் சொன்ன கையோடு டிக்கெட்டுக்குக் கை நீட்டினார்.

"எதுக்கும்மா இது?"

"ஒரு சேர்த்து வைக்கிற பழக்கம் தம்பி."

அது பொய் என்று இவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பதினொரு வருடக் காது சும்மாவா? ஆனாலும் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் டிக்கெட்டை செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அறையில் குறை சொல்ல எதுவுமில்லை என்பதே அவருக்கு ஒரு குறையாக இருந்தது. ஜன்னலோரம் மேசை, முதுகு வலிக்காத நாற்காலி, தடையில்லாத இணையம். மறுநாள் காலை ஒன்பதரைக்கு முதல் அழைப்பு. இவர் குரலைத் தவிர உலகத்தில் வேறு குரலே இல்லாதது போல் இருந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஊர் என்று ஒன்று இருந்தால் நாய் குரைக்காமலா இருக்கும்?

பன்னிரண்டு மணிக்கு இடைவேளை. கருவியைக் கழற்றிய இரண்டாவது நிமிடம் தெருவில் ரேடியோ பாடியது. எதிர்வீட்டில் யாரோ யாரையோ கூப்பிட்டுத் திட்டினார்கள். மூன்று வீடு தள்ளியிருந்த பட்டறையில் இரும்பை அறுக்கும் மெஷின் கத்தியது. நாயும் குரைத்தது. ஒன்று வரை ஒரே அமர்க்களம். ஒன்றுக்கு இவர் திரும்ப உட்கார்ந்தார். அத்தனையும் கப்சிப்.

அவருக்கு மூக்கில் வியர்த்தது. மாலையில் தெருவில் நடந்து பார்த்தார். இவரைக் கண்டதும் கடைக்காரர் பேச்சை நிறுத்தினார். பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "எத்தனை நாள் சார் இருப்பீங்க?" என்றார். இவர் மூன்று வாரம் என்றதும் அந்த மனிதர் முகத்தில் தெரிந்த சந்தோஷம் இவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாதவன் தங்குவதில் இவனுக்கு என்ன லாபம்?

இரண்டாம் நாள்தான் அந்தத் துணி கண்ணில் பட்டது. மொட்டை மாடியில், தெருவைப் பார்த்த மூலையில் ஓர் இரும்புக் கம்பி. காலை ஒன்பது இருபத்தைந்துக்குக் கேட்டக்கா மாடியேறி அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். பன்னிரண்டுக்கு அவிழ்த்துவிட்டுப் பச்சைத் துணி கட்டினார். ஒன்றுக்கு மறுபடி சிவப்பு. இவர் எழுதிக் கொடுத்த நேரப்படி, ஒரு நிமிடம் பிசகாமல்.

அன்று சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தார். "நான் சொன்னேன்ல. சிக்னல் குடுக்கறாங்க."

"யாருக்கு?"

"அதான் தெரியல. நான் உள்ள மாட்டிக்கிட்டிருக்கேன்னு யாருக்கோ சொல்றாங்க. அந்த நேரத்துல ஊரே மூச்சு விடாம இருக்கு. என்னமோ நடக்குது."

"அந்த அம்மாகிட்டயே கேட்டுடுங்களேன்."

"கேட்டா உஷாராயிடுவாங்க."

"மொழிபெயர்க்கறவர்தான். ஆனா யார்கிட்டயும் நேரா ஒரு வார்த்தை கேட்கத் தெரியாது," என்று சொல்லிவிட்டு மனைவி போனை வைத்தாள்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு கட்டினார். மூன்றாம் நாள் பத்தரை மணிக்கு ஓர் அழைப்பு முடிந்தது, அடுத்ததற்கு ஏழு நிமிடம் இருந்தது. கேட்டக்கா பின்பக்கம் கிணற்றடியில் இருந்தார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி மாடியேறினார். துணி விசித்திரமான ஒரு முடிச்சில் இருந்தது. ஒரு நுனியை இழுத்தால் இறுகியது, இன்னொன்றை இழுத்ததும் பொசுக்கென்று அவிழ்ந்தது. சட்டைப் பையில் திணித்துக்கொண்டு கீழே வந்தார். சிக்னலைக் காணாமல் எவன் பதறி ஓடி வருகிறானோ அவன்தான் ஆள். ஜன்னல் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டு, அடுத்த அழைப்பை எடுத்தார்.

டாக்டர் ஒரு பெண்மணி. நோயாளியும் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் குரல். கை எலும்பு முறிந்திருந்தது.

"மாடிப்படியில விழுந்துட்டேன்," என்றது அந்தக் குரல்.

பொய். இவர் அப்படியே மொழிபெயர்த்தார். டாக்டருக்கும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அவசரப்படுத்தாமல், அறையில் தங்கள் இருவரையும் தவிர யாருமில்லை, இங்கே சொல்வது வெளியே போகாது, எப்படி அடிபட்டது என்று இன்னொரு முறை கேட்டார். இவர் தன் குரலையும் தணித்துக்கொண்டு அதைச் சொன்னார். நீண்ட மௌனம். பதினொரு வருடத்தில் அந்த மாதிரி மௌனங்களை அவர் நிறையக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வருவது உண்மையாகத்தான் இருக்கும்.

"அது வந்து," என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். "யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்க வீட்டுல..."

பட்டறையில் மெஷின் கத்தியது. இரும்பை இழைக்கும் அந்தக் கூச்சல் ஜன்னல் சந்து வழியாக உள்ளே பாய்ந்தது. கூடவே ரேடியோ, கூடவே நாய். இவர் பாய்ந்து ஜன்னலைச் சாத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"யாரு? அங்க யாரு இருக்காங்க?" என்றாள் அந்தப் பெண். "இது என்ன இடம்?"

"யாரும் இல்லம்மா, நான் மட்டும்தான், சொல்லுங்க..."

"ஒண்ணுமில்ல. விழுந்துட்டேன்னு சொல்லுங்க. படியில விழுந்துட்டேன், அவ்வளவுதான்."

அவர் அதையும் மொழிபெயர்த்தார். டாக்டர் அழைப்பைத் துண்டித்தார்.

வெளியே யாரோ ஓடி வரும் சத்தம். கதவைத் திறந்தால் பட்டறைக்காரர், உடம்பெல்லாம் இரும்புத்தூள், முகத்தில் ஈயாடவில்லை.

"சார், மன்னிச்சிடுங்க சார். சிவப்பைக் காணோம், முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு மெஷினைப் போட்டுட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"

பதறி ஓடி வருகிறவன்தான் ஆள் என்று இவர் போட்ட கணக்கு சரியாகவே வந்தது. அந்த ஆள் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சிவப்பு?" என்றார் இவர், பைக்குள் அந்தத் துணி கனத்துக்கொண்டிருக்க.

பட்டறைக்காரர் எல்லாவற்றையும் கொட்டினார். அந்த ஸ்டேஷனில் ஆட்கள் ஏறி இறங்குவது குறைந்துவிட்டது, இனி ரயில் நிற்காது என்று கடிதம் வந்திருந்தது. கேட்டக்காதான் இந்த அறை யோசனையைக் கொண்டு வந்தார். தங்க வருபவர்கள் ரயிலில் வருவார்கள், போவார்கள், அவர்கள் குடும்பமும் பார்க்க வரும். டிக்கெட்டையெல்லாம் சேர்த்து வைத்து மாதாமாதம் ரயில்வே ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போகிறார். சிவப்பு பறந்தால் தெரு வாயைத் திறக்கக் கூடாது, பச்சை வந்தால் அவரவர் வேலை. "என் வீட்டுக்காரிக்கு வாரத்துல மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணணும் சார். அந்த ரயில் இங்க நின்னாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். எங்க தெருவுல யாரும் வேணும்னு செய்ய மாட்டாங்க சார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

பதில் பின்னாலிருந்து வந்தது. கேட்டக்கா ஈரக் கையோடு நின்றிருந்தார். "சொன்னா உங்களுக்கு வேலை ஓடுமா தம்பி? நமக்காக ஒரு தெருவே வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்குன்னு தெரிஞ்சா யாரால நிம்மதியாப் பேச முடியும்?"

அரை மணியில் கம்பெனியிலிருந்து மேலாளர் அழைத்தார். ஆஸ்பத்திரி புகார் அனுப்பிவிட்டது. மூன்றாவது. "ஒரு வழி இருக்கு," என்றார் மேலாளர். நல்ல மனிதர். "அமைதியான இடம்னு விளம்பரம் பண்ணி ஏமாத்தினதா நீங்க எழுதிக் குடுத்தா இது கணக்குல வராது. வீட்டுக்காரங்க கையெழுத்து மட்டும் வேணும். அந்த வீட்டை இணையப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க."

மேலாளர் சொன்னதை இவர் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டக்காவின் காதில் விழுந்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில் ஒரு தாளோடு வந்தார். உருண்டை உருண்டையான எழுத்து. கொடி காற்றில் விழுந்ததைக் கவனிக்காமல் விட்டது என் தவறு, தங்கியிருப்பவர் மேல் குற்றமில்லை. கீழே கையெழுத்து.

"காத்து தம்பி," என்றார். "இன்னைக்குக் காத்து ஜாஸ்தி."

வாசலில் காய்ந்த துணிகள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. முப்பது வருடம் கொடி கட்டிய கை போட்ட முடிச்சு அது. காற்று அவிழ்க்காது என்பது கேட்டக்காவுக்குத் தெரியாதா? இவர் தாளை வாங்கிக்கொண்டார். இவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் வரை தாள் மேசைமேல் இருந்தது. அனுப்பினால் இவருடைய பதினொரு வருடம் மிஞ்சும். ஐந்து மணிக்கு மேலாளரை அழைத்தார்.

"வீட்டு மேல தப்பில்ல. நான்தான் பண்ணேன். இங்க ரொம்ப அமைதியா இருந்துச்சு, அது எனக்குப் பொறுக்கல. அப்புறம் ஒரு விஷயம். அந்தப் பொண்ணு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தா. வேற மொழிபெயர்ப்பாளரை வச்சு டாக்டரை அவகிட்ட திரும்பப் பேசச் சொல்லுங்க. சத்தம் போட்டது யாரோ இல்ல, நான்தான்னு அவகிட்ட சொல்லச் சொல்லுங்க."

மேலாளர் டாக்டரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். பிறகு, "அப்போ நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்," என்றார். அந்தக் குரலில் பொய்யில்லை, வருத்தம் இருந்தது.

வேலை நேரம் ஆறு மணி வரை என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்தேகால்தான் ஆகியிருந்தது. கேட்டக்கா வேறொரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார் போல, தெரு மூச்சுக்காட்டாமல் இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், பட்டறைக்காரர் அணைத்த மெஷினுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இல்லாத வேலைக்காக.

இவர் மாடியேறினார். கேட்டக்கா கம்பிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் காவலாக உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு வேலை முடிஞ்சிடுச்சும்மா. இனிமே சிவப்பு வேண்டாம். நான் அவிழ்க்கட்டுமா?"

"அது கேட்டுக்காரங்க முடிச்சு தம்பி. அவிழ்க்கத் தெரியுமா?"

"தெரியும்," என்றார். பையிலிருந்து பழைய துணியை எடுத்து நீட்டினார். "காலையிலதான் அவிழ்த்தேன்."

"தெரியும்," என்றார் கேட்டக்கா. ஸ்டூலை நகர்த்தி வழி விட்டார்.

இவர் சரியான நுனியை இழுத்தார். கேட்டக்கா எடுத்துக் கொடுத்த பச்சையைக் கட்டினார், முடிச்சு கோணலாகத்தான் வந்தது. கீழே பட்டறைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே பச்சைதானா என்று இரண்டு முறை பார்த்தார், பிறகும் மெஷினைத் தொடாமல் நின்றார். இவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, போடுங்க என்று கையசைத்தார். மெஷின் கத்தியது, ரேடியோ பாடியது, எங்கோ நாய் குரைத்தது. அந்தச் சத்தத்தில் மனைவிக்குப் போன் செய்தார், நடந்ததை நேராகச் சொல்ல.